ஊர்ச் சங்கம் பாட்டு வகுப்பு நடத்த வேண்டுமா? செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் யோசனை

ரோட்டரியோ அரிமாவோ, எந்தச் சங்கமாக இருந்தாலும் அதன் வருடம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிந்துவிடும். புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுப் பொருளாளர், பொன்னாடை, பதவியேற்பு விழா, அப்புறம் அந்தத் தலைவருக்குப் பிடித்த ஒரு திட்டம். கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், மரக்கன்று நடுவது எல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலை என்பதால் இந்த ஏற்பாடு அவற்றுக்குச் சரிப்பட்டு வரும். பாட்டுக்குச் சரிப்படாது. ஒரு பிள்ளை சுருதியில் நின்று முதல் பாடமான சரளி வரிசை பாடவே மாதக்கணக்கில் ஆகும், வர்ணம் வரை போக வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருடம் ஒரே வாத்தியாரிடம் உட்கார வேண்டும். ஆகவே காரைக்குடியோ தேவகோட்டையோ புதுவயலோ பள்ளத்தூரோ, உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் "இசைக்கு ஏதாவது செய்யலாம்" என்று பேச்சு எழுந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றாவது வருடம் வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அதற்குப் பதில் கிடைக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

பெரும்பாலும் நடப்பது என்ன? ஆர்மோனியம் ஒன்று, கீபோர்டு இரண்டு வாங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் "வழங்கும் விழா" வைப்பார்கள். சங்கத்தின் மாவட்ட ஆளுநர் வருவார், படம் எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் அந்த ஆர்மோனியம் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போய்விடும், துருத்தித் தோல் காய்ந்து வெடிக்கும் வரை யாரும் திறக்க மாட்டார்கள். பல அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணியிடமே கிடையாது, அதனால் தலைமையாசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. வாத்தியம் வாங்குவதைக் கடைசி வேலையாக வையுங்கள். வாய்ப்பாட்டுக்குச் சுருதிப் பெட்டி ஒன்று போதும், அதுவும் ஆரம்பத்தில் கைபேசியில் இருக்கிற செயலியே போதும்.

சரி, காசு. கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்புக்கு 500 ரூபாய், வாரம் 2 வகுப்பு என்று வைத்தால் மாதம் 4,000. பரீட்சை, கோடை விடுமுறை கழித்து வருடத்துக்கு 10 மாதம் என்றால் 40,000. மூன்று வருடத்துக்கு 1,20,000. பஸ் செலவு, நோட்டுப் புத்தகம், ஜமக்காளம், தேநீர் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்குள் அடக்கலாம். உங்கள் ஊர் நிலவரப்படி சம்பளத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் குறைத்துப் போடாதீர்கள். "சேவைதானே, சும்மா வந்து சொல்லிக்கொடுங்கள்" என்று இசைவாணர்களிடம் கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டு, டாக்டரிடமும் ஆடிட்டரிடமும் வாரம் இரண்டு நாள் மூன்று வருடத்துக்கு அப்படிக் கேட்போமா?

இந்தத் தொகையைத் திரட்ட நம் பக்கத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நகரத்தார் ஊர்களில் கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு (மணமான குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போடுவது எல்லோருக்கும் தெரியும், அதே முறையில் சங்க உறுப்பினர் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 200 ரூபாய் என்று மூன்று வருடத்துக்கு எழுதி வாங்குங்கள், 25 குடும்பம் சேர்ந்தாலே மாதம் 5,000 வந்துவிடும். வியாபாரத்தில் மகமை (தருமத்துக்கென்று ஒரு பங்கு) எடுத்து வைக்கிற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் அந்தக் கணக்கிலிருந்தே கேட்கலாம். வெளியூர்ப் பணம் என்றால் அதற்குக் காலம் பார்க்க வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் ஊருக்கு வருவது கல்யாணம், சாந்தி, படைப்பு (பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடுவது), கோயில் திருவிழா சமயங்களில்தான். அறுபதாம் கல்யாணம் வைக்கிறவர்களிடம் "அப்பச்சி (அப்பா) பேரில் ஒரு பிள்ளைக்கு மூன்று வருடப் பாட்டுச் செலவு" என்று கேட்டால் அது அவர்களுக்கும் பிடிக்கும். படைப்பு நாளில் பங்காளிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஆனால் சாமி காரியம் முடிந்து சாப்பிட்ட பிறகு பேசுங்கள், முன்னால் பேசினால் காது கொடுக்க மாட்டார்கள்.

வந்த பணத்தைச் சங்கத்தின் பொதுக் கணக்கில் போடவே கூடாது. போட்டால் அடுத்த வருடப் பதவியேற்பு விழாப் பந்தலுக்குப் போய்விடும், யாரும் கெட்டவர்கள் என்பதால் இல்லை, கையில் இருக்கிற பணம் அவசரத்துக்குப் போவது இயல்பு. தனி வங்கிக் கணக்கு திறந்து, மூன்று பேரில் இருவர் கையெழுத்து என்று வைத்து, அந்த மூவரும் மூன்று வருடம் மாறமாட்டார்கள் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தலைவர் யாராக வந்தாலும் இந்தக் குழுவுக்கு அவர் விருந்தாளி மாதிரிதான். உங்கள் சங்கத்தின் அறக்கட்டளைக்கு, நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி இருந்தால் நன்கொடையாளரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. பின்னால் அவர்கள் வருத்தப்பட்டுக்கொண்டு ஆடிட்டரை அனுப்புவதைவிட முன்னாலேயே சொல்வது நல்லது.

வாத்தியார் கிடைப்பதுதான் உண்மையில் கடினம். இத்தனைக்கும் ஊர்ப் பெயரோடு சேர்த்தே அறியப்பட்ட இசைக்காரர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்த சுப்பராம ஐயரும் அவர் தம்பி சாம்பசிவ ஐயரும் காரைக்குடி சகோதரர்கள், மிருதங்கத்துக்குக் காரைக்குடி மணி, வயலினுக்கு 1935-ல் குன்றக்குடியில் பிறந்த குன்னக்குடி வைத்தியநாதன். பெயர் ஊரில் இருக்கிறது, கச்சேரியும் சபாவும் மாணவர்களும் சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். இன்று பள்ளத்தூரில் ஒரு பிள்ளை வயலின் கற்க ஆசைப்பட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று தேடத்தான் வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. சிவகங்கையில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, திருமயம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை இசைப்பள்ளி கிட்ட. அங்கே மூன்று வருடம் படித்து முடித்தவர்கள் பலர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், வாரம் இரண்டு சாயங்காலம் என்றால் சந்தோஷமாக வருவார்கள். இசைப்பள்ளிக்கே போய் ஆசிரியர்களிடம் "காரைக்குடிப் பக்கம் யார் இருக்கிறார்கள்" என்று கேளுங்கள். அடுத்தது கோயில். பெரிய கோயிலில் ஓதுவார் இருந்தால் அவரைவிட நல்ல குரலிசை ஆசிரியர் அமைவது அபூர்வம், பண்ணோடு பாடிப் பழகியவர், தமிழ் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்கவும் தெரியும். நாதசுர, தவில் கலைஞர்களை மறந்துவிடாதீர்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வேண்டும், ஆனால் "வகுப்பு" என்றதும் வீணை வயலின்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. தாளம் சொல்லிக்கொடுக்கத் தவில்காரரைவிட யார் வேண்டும்?

ஆளை முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதம் நடத்தச் சொல்லிப் பாருங்கள். அவர் நன்றாகப் பாடுகிறாரா என்பதைப் பார்க்காதீர்கள், தப்பாகப் பாடுகிற பிள்ளையை எப்படித் திருத்துகிறார் என்று பாருங்கள். அதட்டுகிறவர் வேண்டாம், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும்.

இடத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்திலேயே நடத்த முடிந்தால் அதுதான் உத்தமம், பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, அரசுப் பள்ளி என்றால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் வாய்மொழி அனுமதியும் அவரோடு போய்விடும். பள்ளியில் இடமில்லை என்றால் எல்லோருக்கும் உடனே தோன்றுவது, ஊரில்தான் இத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறதே என்பது. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி இருப்பார்கள், சாவி ஒருவரிடம், சம்மதம் எல்லோரிடமும் வாங்க வேண்டும். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து "என்னைக் கேட்காமல் யார் திறந்தது" என்று போன் போட்டால் வகுப்பு அன்றோடு நின்றுவிடும். அப்படியே சம்மதம் கிடைத்தாலும் வளவில் (வீட்டின் உள் முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து பாடினால் ஆத்தங்குடிக் கல்லும் உயர்ந்த கூரையும் சேர்ந்து எதிரொலி பிடித்துக்கொள்ளும், இருபது பிள்ளைகள் ஒன்றாகப் பாடினால் யார் சுருதி விலகுகிறார்கள் என்று வாத்தியாருக்கே கேட்காது. தரை முழுக்க ஜமக்காளம் விரித்து, சுவரோரம் கனமான துணி தொங்கவிட்டால் கொஞ்சம் அடங்கும். முகப்பில் காற்றாட உட்காருவது இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறையைப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் அது மூன்றாம் கட்டையும் தாண்டிக் கொல்லையில் இருக்கும், விளக்கு இருக்காது. பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், வீட்டில் வேறு ஏதாவது காரணம் சொல்வார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சமாதானமே கிடையாது. வாத்தியாரும் பிள்ளையும் மட்டும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஒவ்வொரு வகுப்பிலும் சங்கத்தின் பெண் உறுப்பினர் ஒருவர் உட்கார வேண்டும். தெருவில் ஓய்வாக இருக்கிற ஆச்சிகளைக் கேட்டால் முறை வைத்து வருவார்கள், அவர்களுக்கும் பொழுது போகும், சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு சீடையோ முறுக்கோ தானாக வந்து சேரும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், வருகைப் பதிவேடு, யார் கூட்டிப் போக வருவார் என்ற விவரம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் எழுதி வைப்பது, இவையெல்லாம் முதல் நாளே நடந்துவிட வேண்டும். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் பெற்றோரைக் கேளுங்கள். "ஏழைப் பிள்ளைக்கு இலவச இசை" என்று எழுதி அந்தப் பிள்ளையின் படத்தைப் போடுகிற பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம், அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

நேரம் பள்ளி விட்டதும் நாலரைக்கு ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிடுவது. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் என்றால் டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தை வையுங்கள், வகுப்புக்காக பஸ் நிற்காது.

யாரைச் சேர்ப்பது? திறமைப் போட்டி வைத்து "நன்றாகப் பாடுகிறவர்களை" எடுப்பது சங்கங்களுக்குப் பிடித்த வழி, எனக்கு அது பிடிக்காது. நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கு ஏற்கெனவே வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதலில் வருகிற இருபது பேரை எடுங்கள், இரண்டு மாதம் விடாமல் வருகிறவர்களே உங்கள் மாணவர்கள். ஒரு பிள்ளைக்கு எத்தனை முறை சொன்னாலும் சுருதி சேரவில்லை என்றால் திட்டுவதற்கு முன் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், கண் முகாம் நடத்துகிற சங்கத்துக்கு ஒரு காது முகாம் நடத்துவது பெரிய காரியமில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். அதுவரை பெண்பிள்ளைகளோடு ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று மேல் ஸ்தாயி போகாது, கூச்சத்தில் நின்றுவிடுவான். அந்தச் சமயத்தில் அவனை மிருதங்கத்துக்கோ வயலினுக்கோ மாற்றி உட்கார வையுங்கள், அல்லது சுருதியை இறக்கித் தனி வகுப்பு வையுங்கள். இதை வாத்தியார்கள் அறிவார்கள், சங்கத்துக்காரர்கள்தான் "அந்தப் பையன் ஆர்வமில்லாமல் போய்விட்டான்" என்று பெயரை அடித்துவிடுவார்கள்.

பாடம் என்ன என்பதை வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அப்புறம் கீதம் என்பது புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படுகிற வழி, அதை அவசரப்படுத்த முடியாது. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், மூன்றாவது மாதமே சங்கக் கூட்டத்துக்கு "நம்ம பிள்ளைகளை வரவேற்புப் பாட்டுப் பாடச் சொல்லுங்கள்" என்று ஆள் வரும். அப்புறம் ஆளுநர் வருகை, குடும்ப விழா, சுதந்திர தினம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் ஒத்திகை போனால் சரளி வரிசை எப்போது நடக்கும்? முதல் வருடம் மேடையே கிடையாது என்று ஆரம்பத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே ஒரு விலக்கு வேண்டுமானால் தமிழ்த்தாய் வாழ்த்துக்குக் கொடுக்கலாம். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடியில் பாட வேண்டும், ஒலிப்பதிவை ஒலிக்கவிடுவதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதே முறை என்று அரசு சொல்லியிருக்கிறது. மோகன ராகம், ஐந்து சுரம்தான், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டியிருக்கிற காரைக்குடியில் சங்கக் கூட்டத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு நிற்பது எனக்கு எப்போதுமே சங்கடமாகத்தான் இருக்கும்.

உருப்படி, அதாவது முழுப் பாட்டு, கற்கும் நிலை வந்ததும் தமிழ்ப் பாட்டு போதிய அளவு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தமிழில் பாட வேண்டும் என்பதற்காக 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தான்காரர், நம் பக்கத்திலேயே அது மறந்துபோனால் எப்படி? முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது, தாளத்துக்குத் திருப்புகழ். வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் சங்கடப்படாதபடி பாரதியார் பாட்டு, நாட்டுப்பாட்டு, தாலாட்டு, கும்மி என்று கலந்து வைக்கச் சொல்லுங்கள். ஊரில் வயதானவர்களிடம் இருக்கிற தாலாட்டைப் பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதி வந்து பாடுவது நல்ல வேலை, செலவில்லாதது.

இப்போது வாத்தியம். ஒரு வருடம் ஓடிய பிறகு, யார் எதைக் கற்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். பிள்ளைக்கே கொடுத்துவிடாமல் சங்கத்தின் பெயரில் வைத்து நூலகப் புத்தகம் மாதிரி இரவல் கொடுத்தால் ஒரே வாத்தியம் பத்து வருடம் பல கை மாறும். எண் போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வரவழைத்துப் பாருங்கள். வயலின் என்றால் சின்னப் பிள்ளைக்கு அரை அளவு, முக்கால் அளவு உண்டு, முழு அளவை வாங்கிக் கொடுத்தால் கை எட்டாமல் கழுத்து வலித்து விட்டுவிடும். மிருதங்கம் வாங்கும்போது தாழ்ந்த சுருதிக்கு நீளமானது, உயர்ந்த சுருதிக்குக் குட்டையானது என்று இருக்கிறது, வாத்தியாரையே கூட்டிப் போய் வாங்குங்கள். வலந்தலை (வலது பக்கத் தோல்) அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், வாங்கும் விலையோடு பராமரிப்புக்கு என்று ஒரு தொகை எடுத்து வைக்காத சங்கம் மிருதங்கமே வாங்கக் கூடாது. வீணை விலையும் கூட, தூக்கிப் போகவும் முடியாது, அதை இரவல் கொடுக்காமல் வகுப்பிலேயே வைத்துப் பழக விடலாம். நாதசுரம் கற்கிற பிள்ளைக்குச் சங்கம் செய்யக்கூடிய சின்ன, ஆனால் தேவையான உதவி சீவாளி, அதாவது ஊதுகிற முனையில் செருகுகிற நாணல் துண்டு. அது தேய்கிற பொருள், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாத்தியம் வாங்குவதென்றால் நரசிங்கம்பேட்டைக்கே போய் வாங்கலாம், ஆச்சா மரத்தில் செய்கிற அந்த ஊர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கீபோர்டு? பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, வராது என்று வித்வான்கள் முகம் சுளிப்பார்கள், சுரத்தானம் அடையாளம் காண ஆரம்பத்தில் உதவும் என்பது என் எண்ணம், ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாம் வருடத்திலிருந்து மேடை தேடலாம், அதற்குச் சங்கம் தனியாக விழா எடுக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைத் திருவிழா போட்டிகள் பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகின்றன, அதற்குத் தயார் செய்யுங்கள். ஊர்த் திருவிழாவில் சாயங்காலம் அரை மணி நேரம் கேட்டால் கோயில்காரர்கள் கொடுப்பார்கள். மற்றபடி உங்கள் சங்க நிகழ்ச்சிக்கு மங்கள இசை வேண்டுமென்றால் உள்ளூர் மேளக்காரரைக் கூப்பிட்டு முழுச் சம்பளம் கொடுங்கள், பிள்ளைகளைச் செலவில்லாத வாத்தியக் குழுவாக நினைக்க வேண்டாம்.

மூன்று வருடம் தாக்குப்பிடித்த பிள்ளைக்கு அடுத்த படி காட்டுவதும் சங்கத்தின் வேலை. பத்து முதல் பதினான்கு வயதுக்குள் இருந்தால் மத்திய அரசின் பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையம், சிசிஆர்டி என்பார்கள், கலைத்திறன் உதவித்தொகை தருகிறது, பரம்பரையாகக் கலைத்தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் தனி ஒதுக்கீடும் உண்டு. நாதசுரக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போகிறது, விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்து உதவுங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற இசைத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு, கட்டணத்தைச் சங்கம் கட்டலாம். இசையையே படிக்க விரும்பினால் சிவகங்கை இசைப்பள்ளியில் 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் மதுரையில் அரசு இசைக் கல்லூரி. பெண்பிள்ளையாக இருந்தால் "மதுரைக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது" என்று வீட்டில் தயங்குவார்கள். அப்போது தலைவரைப் பேச அனுப்பாதீர்கள், மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சியை அனுப்புங்கள்.